செப்டம்பர் 22, மதுரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் பல பள்ளிகளில் காலை வழிபாட்டுக் கூட்டத்தின்போது ‘வரலாற்றில் இன்று’ என்று ஒரு மாணவர் நாலு வரி வாசிப்பார். எங்கள் தெரு வாசகசாலைப் பலகையிலும் அதே தலைப்பில் எழுதிப் போடுகிறோம். செப்டம்பர் 22 அன்று மட்டும் பலகைக்கு முன்னால் நின்று கேள்வி கேட்பவர்கள் அதிகம். பிள்ளைகள் கேட்கிறார்கள், ஆசிரியர்கள் கேட்கிறார்கள், வெளியூரிலிருந்து வந்தவர்களும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் எங்களால் சொல்ல முடிந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

செப்டம்பர் 22 அன்று மதுரையில் அப்படி என்ன நடந்தது?

1921-ஆம் ஆண்டு, ஒரு வியாழக்கிழமை. மதுரை மேலமாசி வீதியில் ஒரு வீட்டில் தங்கியிருந்த காந்தி, தொப்பியையும் மேல்சட்டையையும் முழுநீள வேட்டியையும் விட்டுவிட்டு, இனி இடுப்பில் ஒரு துண்டு மட்டும்தான் என்று முடிவெடுத்தார். தேவைப்பட்டால் மேலே ஒரு போர்வை. உலகம் முழுக்க இன்று சிலைகளிலும் படங்களிலும் காணும் காந்தியின் கோலம் இந்த ஊரில்தான் தொடங்கியது. அதற்கு முன்பு அவருக்கு வயது 51 முடியும்வரை நாம் பார்க்கும் படங்களெல்லாம் கோட்டு, தலைப்பாகை, அங்கி, தொப்பி என்று வேறு வேறு உடுப்பில் இருக்கும்.

பலகையில் ‘காந்தி அரையாடைக்கு மாறிய நாள்’ என்று ஒரு வரி எழுதுவது சுலபம். ஆனால் ஏன் என்று கேட்கும் பிள்ளைக்கு அந்த வரி ஒன்றும் சொல்லாது. காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, என்ன காரணம்?

அந்த ஆண்டு அந்நியத் துணிப் புறக்கணிப்பு உச்சத்தில் இருந்தது. ஜூலை 31-இல் பம்பாயில் அந்நியத் துணிகளைக் குவித்துத் தீ வைத்தார்கள். செப்டம்பர் 30-க்குள் புறக்கணிப்பு முழுமையாக வேண்டும் என்று காங்கிரஸ் கெடு வைத்திருந்தது. அந்தச் சமயத்தில்தான் காந்தி தெற்கே வந்தார். அவருடன் பயணம் செய்த மௌலானா முகமது அலி, செப்டம்பர் 14 அன்று விசாகப்பட்டினத்தின் வால்டேர் ரயில் நிலையத்தில் கைது செய்யப்பட்டார். கூட வந்தவரைக் கொண்டுபோய்விட்டார்கள், ஆனால் ஜனங்கள் எதுவும் நடக்காததுபோல இருக்கிறார்கள் என்பது காந்தியை வாட்டியது.

மதுரைக்கு வரும் ரயிலில், தன் பெட்டியில் இருந்தவர்கள் பெரும்பாலும் அந்நியத் துணியே உடுத்தியிருப்பதைப் பார்த்தார். கதர் உடுத்துங்கள் என்று பேச்சுக் கொடுத்தார். அவர்கள் தலையை ஆட்டி, நாங்கள் ஏழைகள், கதர் வாங்க எங்களுக்குக் கட்டாது, விலை அதிகம் என்றார்கள். அந்தப் பதிலில் உண்மை இருப்பதை உணர்ந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த நேரத்தில் அவர் உடம்பில் சட்டை, தொப்பி, முழு வேட்டி எல்லாம் இருந்தன. அரைத்துணியோடு இருப்பவர்களிடம் முழு உடுப்போடு போய் ‘விலை கொடுத்துக் கதர் வாங்கு’ என்று எப்படிச் சொல்வது?

இந்த யோசனை மதுரையில் திடீரென்று முளைத்தது இல்லை. வங்காளத்தில் குல்னா பகுதியில் பஞ்சம் வந்தபோது, அங்கே ஜனங்கள் பசியாலும் உடுக்கத் துணியில்லாமலும் செத்துக்கொண்டிருக்க, நீங்கள் துணியைக் கொளுத்துகிறீர்களே என்று அவரைக் குத்திக் கேட்டார்கள். அதே வங்காளத்தில் பாரிசால் என்ற ஊரில் இருந்தபோதே அந்த நினைப்பு வந்துவிட்டது. துணிவு வந்தது மதுரையில்.

ஆயுள் முழுக்க என்று அன்றே சபதம் செய்துவிட்டாரா?

இல்லை. இதைப் பலர் தவறாகச் சொல்கிறார்கள். அன்று அவர் வெளியிட்ட செய்தியில், குறைந்தது அக்டோபர் 31 வரை என்றுதான் இருக்கிறது. அந்நியத் துணியை ஒரேயடியாக விட்டுவிட்டு முழு உடுப்புக்கும் கதர் வாங்க முடியாதவர்கள், இடுப்புத் துணியோடு சமாளிக்கலாம், நானே அப்படி இருந்து காட்டுகிறேன் என்பது அதன் சாரம். அக்டோபர் 31 வந்தது, போனது. அவர் பழைய உடுப்புக்குத் திரும்பவில்லை. 1948 ஜனவரி 30 வரை அதே கோலம்தான். கெடு வைத்துத் தொடங்கிய ஒன்று வாழ்நாளாக நீண்டது என்பதை மாணவர்களுக்குச் சொன்னால் இன்னும் நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள். முதல் நாளே மகா சபதம் என்று சொன்னால் கதைபோல ஆகிவிடுகிறது.

அந்த இடங்களை இப்போது பார்க்க முடியுமா?

முடியும், ஒரே நாளில் மூன்றையும் பார்க்கலாம். மேலமாசி வீதியில் அவர் தங்கிய வீட்டில் இப்போது காதி விற்பனைக் கடை இருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். துணிக்கடைகளும் பாத்திரக்கடைகளும் நெருக்கியடிக்கும் வீதி என்பதால் கவனிக்காமல் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். அந்தப் புதுக் கோலத்தில் அவர் முதன்முதலாகக் கூட்டத்தில் பேசிய இடம் காமராஜர் சாலையில் இருக்கிறது. காந்தி பொட்டல் என்றே பெயர், அங்கே சிலையும் உண்டு.

அப்புறம் தமுக்கம். ராணி மங்கம்மாள் அரண்மனையில் இயங்கும் காந்தி நினைவு அருங்காட்சியகத்தை 1959 ஏப்ரல் 15 அன்று நேரு திறந்துவைத்தார். காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி அங்கே பாதுகாக்கப்படுகிறது. அந்த உடுப்பு தொடங்கிய ஊருக்கே கடைசித் துணியும் வந்து சேர்ந்திருக்கிறது. மதுரைப் பிள்ளைகளை ஒருமுறையாவது அழைத்துப் போய்க் காட்ட வேண்டும்.

காந்தி மதுரைக்கு வந்த ஆண்டுகள்: 1919, 1921, 1927, 1934, 1946. மீனாட்சியம்மன் கோவிலுக்குள் போனது கடைசி வருகையில்தான். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாதய்யர் தலைமையில் கக்கன் உள்ளிட்டவர்கள் ஆலயப் பிரவேசம் செய்து, தாழ்த்தப்பட்டவர்களுக்கும் நாடார்களுக்கும் அடைத்திருந்த கதவு திறந்த பிறகுதான் அவர் உள்ளே போனார்.

பத்து வருடம் கழித்து அதே தேதியில் சார்லி சாப்ளினைச் சந்தித்தாராமே, நிஜமா?

நிஜம்தான். 1931 செப்டம்பர் 22, லண்டனின் கிழக்குப் பகுதியான கேனிங் டவுனில், ஒரு இந்திய மருத்துவரின் வீட்டில் சந்தித்தார்கள். வட்டமேசை மாநாட்டுக்குப் போயிருந்த காந்தி அங்கேயும் இடுப்புத் துணியும் போர்வையுமாகத்தான் இருந்தார். அதே ஆண்டு பிப்ரவரியில் சர்ச்சில் அவரை அரை நிர்வாணப் பக்கிரி என்று ஏளனம் செய்திருந்தார். சாப்ளின் கேட்ட கேள்வி இயந்திரங்களைப் பற்றியது: இயந்திரம் மனிதனின் உழைப்பைக் குறைக்குமே, அதை ஏன் வெறுக்கிறீர்கள் என்று. இங்கிலாந்தின் இயந்திரங்கள்தான் எங்களை உங்களை நம்பி வாழ வைத்தன, அந்தச் சார்பை உதறுவதற்குத்தான் கைராட்டை என்ற வகையில் காந்தி விளக்கினார். அந்த வாரமே லங்காஷயருக்குப் போய், இந்தியப் புறக்கணிப்பால் வேலை இழந்த ஆலைத் தொழிலாளர்களையும் நேரில் பார்த்தார்.

அதே நாளில், அதே ஆண்டில், செகந்திராபாத்தில் ஒரு குழந்தை பிறந்தது: எழுத்தாளர் அசோகமித்திரன். தமிழ் வாசகர்கள் இந்தத் தேதியில் அவரைச் சேர்க்காமல் விடவே கூடாது. எளிய மனிதர்களை இவ்வளவு அமைதியான குரலில், இவ்வளவு துல்லியமாக எழுதியவர்கள் நம் மொழியில் மிகக் குறைவு. 2017 மார்ச் 23 அன்று சென்னையில் காலமானார்.

எம்டன் குண்டு போட்டதும் செப்டம்பர் 22 தானே?

ஆமாம், 1914. முதல் உலகப்போர் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கார்ல் ஃபான் முல்லர் தலைமையில் வந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன், இரவு ஒன்பதரை மணி வாக்கில் சென்னைத் துறைமுகத்தை நெருங்கி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்துச் சுட்டது. தொட்டிகள் பற்றி எரிந்தன. அரைமணி நேரத்துக்குள் வேலையை முடித்துக்கொண்டு கடலில் மறைந்துவிட்டது. உயிரிழந்தவர்கள் சிலரே என்றாலும், சென்னையிலிருந்து ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊர்ப்பக்கம் கிளம்பினார்கள். வெள்ளைக்காரன் கடலைக் கட்டி ஆள்கிறான் என்ற நம்பிக்கையில் விழுந்த அடி அது. கப்பலின் ஆயுள் அதற்கப்புறம் நீளவில்லை. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகள் அருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதை வீழ்த்தியது.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று: அதே 1914 செப்டம்பர் 22 காலையில், வடகடலில் ஒரே ஒரு ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் மூன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடித்தது. 1,400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சென்னையில் எரிந்த எண்ணெய் நமக்கு நினைவில் நிற்கிறது, பிரிட்டனுக்கு அன்றைய பெரிய துக்கம் வடகடலில் நடந்தது.

லிங்கனுக்கும் இந்தத் தேதிக்கும் என்ன சம்பந்தம்?

1862 செப்டம்பர் 22 அன்று அடிமை விடுதலைக்கான முன்னறிவிப்பை ஆபிரகாம் லிங்கன் வெளியிட்டார். கிளர்ச்சியில் இருக்கும் மாநிலங்களின் அடிமைகள் 1863 ஜனவரி 1 முதல் சுதந்திரமானவர்கள் என்பது அதன் உள்ளடக்கம். அப்போது நடந்துகொண்டிருந்த அமெரிக்க உள்நாட்டுப் போருக்கும் எங்கள் பக்கத்து ஊர்களுக்கும் தொடர்பு இருக்கிறது. போரால் அமெரிக்கப் பருத்தி இங்கிலாந்துக்குப் போவது நின்றது. லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பருத்தியைத் தேடின. திருநெல்வேலிச் சீமையின் கரிசல் பருத்திக்குத் தூத்துக்குடியில் விலை எகிறியது. போர் முடிந்ததும் அந்த விலை சரிந்தது. அந்த நூற்றாண்டின் கடைசியில் மதுரையிலேயே ஹார்வி மில் வந்தது. ஆக, கரிசல் காட்டுப் பருத்தியைப் பற்றி மதுரையில் பேச உட்கார்ந்தால் லிங்கனும் கூடவே வருவார்.

வேறு யார் யார்?

பிறந்தவர்களில் மைக்கேல் ஃபாரடே (1791, லண்டன்). கொல்லர் வீட்டுப் பிள்ளை, புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை பார்த்துக்கொண்டே அங்கு வந்த நூல்களைப் படித்து அறிவியலுக்கு வந்தவர். 1831-இல் அவர் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இன்றும் மின்சார உற்பத்திக்கு அடிப்படை. அரசுப் பள்ளி மாணவர்களிடம் இந்தத் தேதியில் பேச வாய்ப்புக் கிடைத்தால் ஃபாரடேயைத் தயங்காமல் எடுங்கள்.

இறந்தவர்களில் குருநானக் (1539, கர்தார்பூர்), கிரிக்கெட் வீரர் மன்சூர் அலி கான் பட்டோடி (2011). 1980-இல் இதே தேதியில் ஈராக் படைகள் ஈரானுக்குள் புகுந்தன. அந்தப் போர் 1988 வரை இழுத்தது. 1792-இல் பிரெஞ்சுக் குடியரசின் முதல் நாள் இதுதான். அந்த நாளைத் தொடக்கமாக வைத்தே புரட்சிக்காரர்கள் ஒரு புது நாட்காட்டியைப் போட்டார்கள். 1806 தொடங்கும்போது நெப்போலியன் அதைக் கைவிட்டார்.

பாரதியார் இறந்தது செப்டம்பர் 11-ஆ, 12-ஆ?

இது 22-ஆம் தேதிக் கேள்வி இல்லைதான். ஆனால் காந்தி மதுரைக்கு வந்தபோது பாரதி மறைந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது என்று நாங்கள் எழுதியதைப் பார்த்துப் பலர் கேட்டார்கள். 11-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி, அதிகாலை ஒன்றரை மணி வாக்கில் திருவல்லிக்கேணி வீட்டில் உயிர் பிரிந்தது. ஆங்கிலக் கணக்குப்படி அது 12. சென்னை மாநகராட்சிப் பதிவிலும் 12 என்றே இருக்கிறது. நம் வழக்கத்தில் பொழுது விடிந்தால்தான் மறுநாள். அதனால் 11 என்று சொல்வதும் பழகிவிட்டது. 2021-இல் தமிழக அரசு செப்டம்பர் 11-ஐ மகாகவி நாளாக அறிவித்தது. பலகையில் எழுதும்போது ‘11 நள்ளிரவுக்குப் பின்’ என்று எழுதினால் சண்டை இல்லை.

தனுஷ்கோடிக்கும் இதே சிக்கல். 1964 டிசம்பர் 22-23 இரவில் புயல் அந்த ஊரை அழித்தது. பாம்பன் ரயிலில் வந்தவர்களும் அந்த இரவில்தான் கடலோடு போனார்கள். ஒரே ஒரு தேதியாகச் சுருக்காமல் இரண்டையும் போடுவதே சரி.

பழைய காலத் தேதிகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

1752-க்கு முந்தைய தேதி என்றால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கத்தோலிக்க நாடுகள் 1582-லேயே பழைய ஜூலியன் கணக்கை விட்டு இன்றைய கிரிகோரியன் கணக்குக்கு வந்துவிட்டன. இங்கிலாந்து மாறியது 1752-இல். அந்த ஆண்டு அவர்களுக்கு செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14.

மதுரை வட்டாரத்துக்கு இது நேரடியாகப் பொருந்தும். இங்கே இருந்த சேசு சபைப் பாதிரியார்கள் புதுக் கணக்கில் எழுதினார்கள். சென்னைக் கோட்டையில் இருந்த ஆங்கிலேயர்கள் பழைய கணக்கில் எழுதினார்கள். ஓரியூரில் அருளானந்தர் என்கிற ஜான் டி பிரிட்டோ தலை வெட்டப்பட்ட நாள் 1693 பிப்ரவரி 4. அதே நாளை ஒரு கோட்டைக் குமாஸ்தா குறித்திருந்தால் ஜனவரி 25 என்று போட்டிருப்பார். அவர்களுக்குப் புத்தாண்டு மார்ச் 25-இல் பிறந்ததால், ஆண்டும் 1692 என்றே இருந்திருக்கும்! குருநானக் மறைந்த தேதியும் பழைய கணக்கில் சொல்லப்படுவதுதான்.

தமிழ்த் தேதியில் ஏன் கொண்டாடுவதில்லை?

கோவில் சார்ந்த எல்லாவற்றையும் அப்படித்தானே கொண்டாடுகிறோம். அழகர் ஆற்றில் இறங்குவது சித்ரா பௌர்ணமிக்கு. ஆங்கிலத் தேதி ஆண்டுக்கு ஆண்டு நகரும்: 2024-இல் ஏப்ரல் 23, 2025-இல் மே 12. திருஞானசம்பந்தர் குருபூஜை வைகாசி மூலம். இவற்றுக்கு ‘வரலாற்றில் இன்று’ பலகையில் நிலையான இடம் கிடையாது. அந்தந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சேர்ப்போம். செப்டம்பர் 22 எப்போதும் புரட்டாசி முதல் வாரத்தில் வரும். 1921 துன்மதி ஆண்டு.

ஒரே தேதியில் இத்தனை பேர் என்றால் அந்தத் தேதிக்கு ஏதோ விசேஷம் இருக்க வேண்டாமா?

இந்தக் கேள்வி வருடா வருடம் வரும். விசேஷம் எதுவும் இல்லை. இருப்பது 366 தேதிகள், நடந்ததோ கோடானுகோடி. எந்தத் தேதியை எடுத்தாலும் இப்படி ஒரு கூட்டம் சேரும். 23 பேர் இருக்கும் அறையில் இரண்டு பேருக்காவது ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல். 40 பேர் வகுப்பில் அது கிட்டத்தட்ட 89 சதவீதம். உங்கள் வகுப்பிலேயே கேட்டுப் பாருங்கள்.

அதற்காக மனசுக்குப் பிடித்த இணைகளை விட்டுவிட வேண்டாம். கண்ணதாசனும் எம்.எஸ். விஸ்வநாதனும் ஜூன் 24-இல் அடுத்தடுத்த ஆண்டுகளில் (1927, 1928) பிறந்தார்கள். காமராஜர் 1975-இல் காந்தி பிறந்த நாளிலேயே கண் மூடினார். மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி 2004-இல் மறைந்தது டிசம்பர் 11, பாரதி பிறந்த நாள். பாரதி 1904-இல் மதுரை சேதுபதி பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர். இதையெல்லாம் சொல்லும்போது எனக்கே மனம் நெகிழும். ஆனால் தேதி இவர்களைச் சேர்த்தது என்று எழுத மாட்டேன். கண்ணதாசனையும் விஸ்வநாதனையும் சேர்த்தது பாட்டு.

மதுரைப் பக்கத்துக்கு வேறு எந்தத் தேதிகளைப் பலகையில் எழுதலாம்?

செப்டம்பர் 14: பாண்டித்துரைத் தேவர் முயற்சியில் 1901-இல் நான்காம் தமிழ்ச் சங்கம் தொடங்கியது. அக்டோபர் 10: 1895-இல் முல்லைப் பெரியாறு அணை திறப்பு. அதைக் கட்டிய பென்னிகுயிக் பிறந்தது 1841 ஜனவரி 15, பொங்கலை ஒட்டி வருவதால் தேனிப் பக்கத்தில் பொங்கலோடு சேர்த்தே அவரை நினைக்கிறார்கள். அக்டோபர் 15: ராமேசுவரத்தில் அப்துல் கலாம் பிறந்த நாள் (1931). 1764-இல் மதுரையில் யூசுப்கான் என்கிற மருதநாயகம் தூக்கிலிடப்பட்டதும் அதே தேதியில்தான். சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கமான இடம் இருக்கிறது. அக்டோபர் 24: மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட நாள் (1801).

ஜூலை 8-ஐ மறக்காதீர்கள். ஆலயப் பிரவேசம் நடந்த அந்தத் தேதியைப் பலகையில் பார்த்த பிறகுதான் பல பிள்ளைகள், கோவிலுக்குள் யார் யாரை விடவில்லை என்றே முதன்முதலாகக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆசிரியர் தயாராக வர வேண்டும். வைத்தியநாதய்யர், கக்கன் இருவரைப் பற்றியும் முந்தின நாளே படித்துவிட்டு வாருங்கள்.